முப்பது தகர மீன்கள்

அந்த வீட்டில் ஒரு வேலைப் பிரிவினை இருந்தது. மீனைக் கொல்வது அவர் வேலை, வறுப்பது அவள் வேலை. அவர் ஏரியில் வலை போடுகிறவர். விடியுமுன் படகை எடுத்தால் வெயில் ஏறும்போது திரும்புவார். விற்றது போக வீட்டுக்கென்று கொண்டுவரும் நாலைந்து மீனில் ஒன்றிரண்டு இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அத முடிச்சிட்டுக் குடுங்க" என்பாள். அவர் பின்வாசலில் உட்கார்ந்து முடித்து, செதில் சுரண்டி, வயிற்றைக் கழுவிக் கொடுத்த பிறகுதான் தொடுவாள். தொட்ட பிறகு ஒரு குறையும் கிடையாது. மொறுமொறுவென்று வறுத்து அவரைவிட ஒரு துண்டு கூடவே சாப்பிடுவாள்.

"சாப்பிடத் தெரியுது, சாகடிக்கத் தெரியல" என்று அவர் கிண்டல் செய்வார்.

"அதுக்குத்தானே உங்களக் கட்டிக்கிட்டேன்" என்பாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பிய பிறகு வீட்டில் இரண்டே பேர் என்பதால் கொஞ்சம் அடிக்கடியே நடந்தது.

இத்தனைக்கும் அவள் பிழைப்பும் மீனை நம்பித்தான். ஊருக்குள் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் இடங்கள் ஏழு: பல் ஆஸ்பத்திரி, ஒரு ஓட்டலின் வரவேற்பறை, வக்கீல் அலுவலகம், பள்ளிக்கூடம், துணிக்கடை, இரண்டு பங்களாக்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் போய்த் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு வருவாள். அங்கெல்லாம் அவளுக்குத் தொட்டியம்மா என்று பெயர். இளசுகளுக்கு 'தொட்டி அக்கா'.

ஆரம்பத்தில் அந்த ஓட்டலில் கூட்டிப் பெருக்கத்தான் போனாள். வரவேற்பறைத் தொட்டியில் வாரம் இரண்டு மீன் செத்து மிதக்கும், முதலாளி இரண்டு மீன் வாங்கிப் போடுவார், அதுவும் மிதக்கும். பார்க்கச் சகிக்காமல் இவளே ஒருநாள், "குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்துறீங்களே சார், ஒரு நாள் வாளியில வச்சிட்டு ஊத்தினா என்ன" என்று வாயைக் கொடுத்தாள். அப்படியானால் நீயே பார்த்துக்கொள் என்று தலையில் கட்டிவிட்டார். மீன் சாவது நின்றது. அந்த ஓட்டலுக்குச் சாப்பிட வந்த பல் டாக்டர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார், அவரைப் பார்த்து வக்கீல் கூப்பிட்டார். இரண்டே வருஷத்தில் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்வாள். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஒரே இழுப்பு இழுத்து, தண்ணீர் உதட்டுக்கு வருகிற நொடியில் வாளிக்குள் விடவேண்டும். நொடி தப்பினால் வாய் நிறையத் தொட்டித் தண்ணீர். பதினாறு வருஷத்தில் எத்தனையோ முறை தப்பியிருக்கிறது. அந்த ருசியை வைத்தே, யாரோ தீனியை அள்ளிக் கொட்டியிருக்கிறார்களா, கல்லிடுக்கில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று சொல்லிவிடுவாள். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டக் காலாவதியான ஏ.டி.எம். அட்டை ஒன்று வைத்திருந்தாள். அதைவிட நல்ல ஆயுதம் கடையில் கிடைக்காது என்பது அவள் கட்சி.

"நான் தண்ணியிலேருந்து மீன எடுக்கிறேன், என் பொண்டாட்டி மீன்கிட்டேருந்து தண்ணிய எடுக்கிறா" என்று அவர் ஏரிக்கரையில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவள் வேலை பார்க்கும் ஒரு தொட்டியைக்கூட அவர் பார்த்ததில்லை. அவர் கரையேறி வீட்டுக்கு வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். அவள் திரும்பும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

இனி விஷயத்துக்கு வருவோம். பாசியை அட்டையால் மட்டும் சமாளிக்க முடியாது. அதற்கென்று ஒரு மீன் உண்டு. உதட்டைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு நாளெல்லாம் பாசியைச் சப்பித் தின்னும். உடம்பெல்லாம் கறுப்பும் பழுப்புமாகத் தகட்டை அடுக்கியது போலிருக்கும். கடையில் 'டேங்க் கிளீனர்' என்பார்கள். வாங்கும்போது விரல் நீளம். ஒவ்வொரு தொட்டியிலும் ஒன்று போடுவாள். அதுவும் டேங்க் கிளீனர், இவளும் டேங்க் கிளீனர் என்பதால் அவற்றின் மேல் கொஞ்சம் பாசமும் இருந்தது. வாரம் ஆறு நாள் அது பார்க்கிறது, ஒரு நாள் நான் பார்க்கிறேன் என்பாள்.

வம்பு என்னவென்றால் அது வளரும். இரண்டு மூன்று வருஷத்தில் முழங்கை நீளத்துக்கு வந்துவிடும். அழகுக்கு வைத்த தொட்டியில் முதலைக்குட்டி மாதிரி ஒன்று கிடந்தால் யாருக்குப் பிடிக்கும்? "அக்கா, இத எடுத்துட்டு வேற சின்னதாப் போடுங்க" என்பார்கள். எடுத்து எங்கே போடுவது? கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டான். "சாக்கடையில வீசிட்டுப் போம்மா" என்பான். வீசுவதா? மூன்று வருஷம் தன் கையைப் பார்த்ததும் கண்ணாடியோரம் வந்து நின்ற உயிரையா? அவளுக்கு மனசு கேட்கவில்லை.

அவளிடம் பழைய பெயிண்ட் வாளி ஒன்று இருந்தது. மூடியில் ஆணியைக் காய்ச்சிப் போட்ட ஓட்டைகள். அந்த வாளியில் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது. ஏழு படி இறங்கி, வாளியைச் சாய்த்து, "போ, பொழச்சுக்கோ" என்பாள். அது ஒரு வளைவு வளைந்து கலங்கலுக்குள் மறையும்போது அவளுக்கு மனசு நிறைந்துவிடும். அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

பத்து வருஷத்தில் அப்படி இருபத்துமூன்று மீன்களை விட்டாள். அவருக்குத் தெரியாமல் ஒளித்தாள் என்று சொல்லமுடியாது. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வலைக்காரரிடம் போய், நான் இன்றைக்கு ஒரு மீனைத் தண்ணீரில் விட்டேன் என்று சொன்னால் சிரிக்கமாட்டாரா? அந்தக் கால்வாய் ஏரியில்தான் போய்ச் சேர்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான், ஆனால் எல்லோருக்கும் அதன் பலன் வலையில் ஏறி வீட்டுக்கு வருவதில்லை.

அவளுக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சாக்குப்பையை அடுப்படித் தரையில் கொட்டினார்.

"இதப் பாரேன். என்ன ஜந்துன்னே தெரியல. கத்தி இறங்க மாட்டேங்குது, தகரத்தக் குத்துற மாதிரி இருக்கு. வலைய ஒரு முழம் கிழிச்சிடுச்சு. நீதான் விதவிதமா மீன் பாக்கிறவளாச்சே, இது என்னன்னு தெரியுதா?"

தரையில் கிடந்த டேங்க் கிளீனர் உதட்டைத் திறந்து திறந்து மூடியது. பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு திட்டு வாங்கியிருப்பாள். ஒரு வேளை சாப்பாட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், அதோடு போயிருக்கும்.

"தெரியலையே" என்றாள்.

அன்றோடு கால்வாயில் விடுவதை நிறுத்தினாள். ஆனால் 'தெரியலையே' என்ற அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் வலைக்குப் பத்து வந்தது. அதற்கடுத்த வருஷம் வலையில் பாதி அதுதான். கரையில் எல்லோரும் 'தகர மீன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாங்க ஆளில்லை, தின்ன நாயில்லை. துடுப்புமுள் நூலில் சிக்கினால் வலையை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். ஏரியில் இருந்த நல்ல மீனின் முட்டைகளைத் தகர மீன் மேய்ந்துவிடுகிறது என்றார்கள். கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிட்டதில் கால்வாயின் இரண்டு பக்கமும் பொத்தல் பொத்தலாகிச் சரிந்தது. அவள் வாளியைச் சாய்த்த அந்த ஏழு படியில் இப்போது ஐந்துதான் மிச்சம்.

வலைக்காரர்கள் பிடித்த தகர மீனைக் கரையில் வீசிவிட்டுப் போனார்கள். மற்ற மீனென்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இது சாகாது. காலையில் வீசியது, அவள் சாயங்காலம் அந்த வழியாக வரும்போதும் குவியலாகக் கிடந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஒரு மீனையும் சாகவிடக்கூடாது என்று நினைத்தவள் அந்தக் குவியலைத் தாண்டி நடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போவாள். நாற்றத்துக்காக என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மீன்வளத்துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். ஏரிக்கரைக் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்து, தகர மீன் படம் போட்ட சுவரொட்டியைக் காட்டினார். தொட்டியம்மா அன்றைக்குப் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இது உங்க ஏரி மீன் இல்ல. தொட்டியில வளர்க்கிறவங்க, பெருசானதும் கொண்டுவந்து ஓடையில, கால்வாயில விட்டுடறாங்க. அங்கேருந்துதான் பரவுது" என்றார் அதிகாரி.

கொட்டகை கொதித்தது. 'ரேடியோ' என்று ஒருவர் உண்டு, வாய் மூடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். அவர் சும்மா இருப்பாரா? "நம்ம அண்ணிக்குத்தான் தொட்டி வேலை. அண்ணி, யார் வீட்டுத் தொட்டின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போய்க் கேட்டுட்டு வந்துடறோம்" என்றார். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

அவள் புருஷன் எழுந்தார். "யோவ், அவகிட்ட என்னய்யா கேக்கிற? ஒரு மீனக் கொல்லக் கை வராது அவளுக்கு. இருபத்திநாலு வருஷமா நான்தான் முடிச்சுக் குடுக்கிறேன். அவ போற இடத்துல அவ கண்ணு முன்னாடி எவனாவது இந்தப் பாவத்தப் பண்ணியிருந்தா, அன்னிக்கே வந்து என்கிட்ட சொல்லியிருப்பா."

அவ்வளவு பேர் நடுவில் அவளை யாரும் அப்படித் தாங்கிப் பேசியதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்தபின் அதிகாரியம்மா அவளிடம் வந்து ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். "பெரும்பாலும் இரக்கப்பட்டுத்தான்மா விடறாங்க. யார்கிட்டயாவது பெருசா இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்க, நாங்க வந்து எடுத்துக்கறோம்." குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தாள், கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பேரைக் கேட்பார்கள், எந்தத் தொட்டி என்பார்கள், நேரே ஏரிக்கரைக்குப் போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று தனக்குத்தானே கதை கட்டிக்கொண்டாள். ஏழு தொட்டியிலும் ஏழு டேங்க் கிளீனர்கள் கொழுத்துக்கொண்டே போயின. "இருக்கட்டும் சார், பாசி வராம இருக்கும்ல" என்று ஒவ்வொரு இடத்திலும் பேசிச் சமாளித்து நாளைக் கடத்தினாள்.

இந்த வருஷம் தொடக்கத்தில் அவர் கையில் முள் ஏறியது. வலையிலிருந்து தகர மீனைப் பிடுங்கும்போது அதன் பக்கத்து முள், வலது கட்டைவிரலின் அடியில் ஒரு அங்குலம் இறங்கிவிட்டது. மஞ்சளைத் தடவிக்கொண்டு இரண்டு நாள் வலைக்குப் போனார். மூன்றாம் நாள் கை முழங்கை வரை வீங்கிப் பளபளத்தது. ஆஸ்பத்திரியில் கீறி, சீழ் எடுத்து, மறுபடி கீறி, ஐந்து வாரம். கை தப்பியது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு டம்ளரைப் பிடிக்கவே இடதுகை வேண்டியிருக்கிறது, நனைந்த வலையை எங்கே இழுப்பது? படகை ரேடியோவிடம் விட்டுவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் பின்வாசலில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவன் கொண்டுவந்து விட்டானோ" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவள் தாங்கியிருப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "நான் உன்கூட வரேனே" என்றார். "வாளியாவது தூக்குவேன். இந்த ஒரு கை நல்லாத்தான் இருக்கு. வீட்டுல சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் தொட்டியைப் பார்த்தாலே போதும், கண்ணாடியில் தகர மீன் ஒட்டிக்கொண்டிருக்கும். "முதல்ல கட்டு பிரிக்கட்டும், அப்புறம் வாங்க" என்றாள்.

அடுத்த நாலு நாளில் ஏழு தொட்டியிலிருந்தும் ஏழையும் எடுத்துவிட்டாள். பெரியது என்றும், சீக்கு என்றும் ஆளுக்கொரு பொய். துணி துவைக்கும் பெரிய தொட்டியில் பலகை போட்டு மூடி வைத்தாள். இந்தத் தடவை கொன்றுவிடுவது என்றுதான் நினைத்தாள், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை அவர் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஒன்றை எடுத்து ஈரச்சாக்கில் வைத்தாள். சுத்தியலை எடுத்தாள். அது பல் ஆஸ்பத்திரி மீன், இடது கண்ணில் சின்ன வெள்ளைப் புள்ளி, குழந்தைகள் 'கறுப்பு' என்று கூப்பிடுவார்கள். அது அவளைப் பார்த்துக்கொண்டே சாக்கில் கிடந்தது. கை இறங்கவில்லை. நம்பர் எழுதிய சீட்டு அலமாரியில் இருந்தது, எடுக்கவில்லை. மணி பத்தரை ஆகிவிட்டது, அவர் பதினொன்றுக்கு வந்துவிடுவார்.

பெயிண்ட் வாளியை எடுத்தாள். இரண்டு நடை. சரிந்துபோன படியில் காலை வைத்து இறங்கி, ஏழையும் கால்வாயில் விட்டாள். இந்தத் தடவை 'பொழச்சுக்கோ' என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் வந்தபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அவர் கூட வர ஆரம்பித்தார். முதல் நாள் பல் ஆஸ்பத்திரி. டேங்க் கிளீனர் இல்லாத தொட்டி, பார்க்கணுமா? கண்ணாடி பச்சைப் பசேலென்று உள்ளே இருப்பது தெரியாமல் கிடந்தது. அவர் புதுப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் பார்த்தார். அட்டையை இடதுகையில் வாங்கிச் சுரண்டத் தொடங்கினார்.

"நாள் பூரா இதத்தான் பண்றியா நீ? ஏன், இந்தப் பாசியத் தின்னுற மீன் ஏதும் கெடையாதா?" என்றார்.

"இருக்கும்" என்றாள் அவள், குழாயைச் சரிசெய்துகொண்டே.

டோக்கன் சீட்டு எழுதும் மேஜையிலிருந்து வரவேற்புப் பெண் எழுந்து வந்தாள். நல்ல பெண், கள்ளம் கபடம் இல்லாதவள். "அக்கா, நம்ம கறுப்பு எங்க? சீக்குன்னு எடுத்துட்டுப் போனீங்களே, திரும்பக் கொண்டாரலையா? பசங்க எல்லாம் கேக்குதுங்க."

தொட்டியம்மா குழாயிலிருந்து வாயை எடுக்கவில்லை. எடுத்தால் பேசவேண்டும்.

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க அக்கா வீட்டுக்காரரா சார்? அக்கா மாதிரி இரக்கப்படுறவங்கள நான் பார்த்ததே இல்ல. நான் சேர்ந்த புதுசுல, இதுக்கு முன்னாடி இருந்தது பெருசாயிடுச்சு, வீசிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அக்காவுக்கு மனசே வரல. வாளியில தண்ணி ஊத்தி, பஸ்ல கொண்டுபோய் உங்க வீட்டுப் பின்னாடி கால்வாயில விட்டாங்களாம். எல்லாத் தொட்டி மீனையும் அப்படித்தான் விடுவேன்னு சொன்னாங்க. இதுவும் அங்கதான் போச்சா அக்கா?" என்றவள், கைபேசியை எடுத்து, "இதான் சார் கறுப்பு" என்று படத்தைக் காட்டினாள்.

அவர் பார்த்தார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். பிறகு திரும்பி, விட்ட இடத்திலிருந்து கண்ணாடியைச் சுரண்டினார். நாலு பக்கமும், மூலை முடுக்கு விடாமல், ஒரு பொட்டுப் பாசி இல்லாமல். அவள் வாய் நிறையத் தொட்டித் தண்ணீர் ஏறியிருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள்.

பஸ் ஏறினார்கள். வாளி அவர் மடியில் இருந்தது, மூடியின் ஓட்டைகளை மடங்காத விரலால் தடவிக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே பின்னால் போய்க் கால்வாய்ப் படியில் நின்றார். அவளும் பின்னாலேயே போனாள்.

"எத்தன?"

"இருபத்திமூணு. அப்போ எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. நீங்க வலையில கொண்டுவந்தப்போதான்..."

"சரி" என்றார். உண்மையிலேயே அந்த 'சரி'யில் மன்னிப்பு இருந்தது. அவள் அதைக் கேட்டாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கும். அவர்தான் இன்னொரு கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்போ விட்ட?"

ஆறு வருஷம் ஆச்சு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் 'தெரியலையே' என்று சொல்லிப் பட்டது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"போன மாசம். நீங்க கட்டு மாத்தப் போன செவ்வாய்க்கிழமை. ஏழு. நீங்க பாத்துடுவீங்கன்னு."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

எட்டு நாள் பேசவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், கேட்டதற்குத் தலையாட்டினார். கத்துவார், கை ஓங்குவார், மகளுக்குப் போன் போடுவார் என்று அவள் காத்திருந்தாள். அது எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை, பரணில் கிடந்த பழைய வீச்சு வலையை இறக்கி, பின்வாசலில் உட்கார்ந்து இடதுகையாலும் பல்லாலும் கிழிசலைத் தைத்தார். அவள் பிடித்துக்கொள்ளப் போனாள். வேண்டாம் என்று தள்ளவில்லை, பிடி என்றும் சொல்லவில்லை.

மறுநாள் கால்வாயில் இறங்கினார். ஊரிலேயே வட்டமாக வலை வீசுகிறவர் என்று பெயர் வாங்கியவர். இடதுகையால் வீசிய வலை பொட்டலம் மாதிரி மொத்தென்று விழுந்தது. அவள் வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கமுடியாமல் உள்ளே போனாள், மறுபடி வந்து பார்த்தாள். மூன்றாம் நாள் வலை கொஞ்சம் விரிந்தது. இரண்டு தகர மீன் ஏறின. அவற்றைப் படியில் உதறிவிட்டு, அவளை வரச்சொல்லிக் கையசைத்தார்.

படகில் உடைந்த துடுப்பு ஒன்றின் கைப்பிடிக் கட்டையை அவள் காலடியில் வைத்தார்.

"என் கைக்குப் பிடி இல்ல" என்றார். பதினோரு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் கட்டையை எடுத்தாள். முதல் அடி தலையில் படாமல் தகட்டில் வழுக்கியது. இரண்டாவதும் சரியாக விழவில்லை. மீன் துள்ளவில்லை, வாயைத் திறந்து மூடியது. அழுதுகொண்டே அடித்தாள். ஆறேழு அடியானது. அவர் முகத்தை எதிர்க்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மீனுக்கு நாலு அடி.

அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள், அவள் தொட்டி வேலைக்குப் போகுமுன் இதுதான். அவர் வீசுவார், அவள் அடிப்பாள். அந்த நம்பருக்கு அவளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கரையில் இருப்பவர்களுக்கும் விஷயம் போயிற்று. ரேடியோ இப்போது அவளை அண்ணி என்று கூப்பிடுவதில்லை, எதிரே வந்தால் சைக்கிளை வேகமாக மிதித்துப் போகிறார். அடிக்கும் கை பழகிவிட்டது. இப்போதெல்லாம் ஒரே அடி, மீனுக்கும் வலி தெரியாது என்று நினைக்கிறாள். அந்தப் பழக்கம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வலையில் இடது கண்ணில் வெள்ளைப் புள்ளி உள்ளது வந்தது. பார்த்தாள். அதற்கும் ஒரே அடிதான்.

வீட்டில் மீன் வறுத்து மாசக்கணக்காகிறது. அவரும் கேட்கவில்லை, அவளும் வாங்கவில்லை.

அவள் மனசுக்குள் ஒரு எண்ணிக்கை வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எண்ணி வந்து, போன வாரம் ஒரு காலையில், படியில் கிடந்ததை அடித்து முடித்துக் கட்டையைத் துடைத்தாள். கால்வாயில் தொடை அளவுத் தண்ணீரில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"முப்பது ஆயிடுச்சுங்க" என்றாள். "நான் விட்டது அவ்வளவுதான்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சரிந்த கரையின் பொத்தல்களிலிருந்து குஞ்சுகள் புகைபோலக் கலங்கி வெளியே வந்துகொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றார்.

"அது அதுங்களுக்குத் தெரியாதே" என்றார்.

வலையின் ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு இன்னும் இரண்டடி உள்ளே இறங்கினார். அவள் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.